பயமில்லாத ஒரே சத்தம்

எங்கள் பக்கம் பெரிதாக ஒரு சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்க மாட்டோம். எந்தக் கம்பெனி என்றுதான் கேட்போம். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மாடியேறி எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்ப்போம். அந்தத் திசைக்கு நம்ம ஆள் யாரும் வேலைக்குப் போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காது இப்படித்தான் பழகியிருக்கிறது. லாரி டயர் வெடித்தால்கூட எங்கள் தெருக் குழந்தைகள் முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கும்.

அந்தத் தெருவில் பயமில்லாத பெரிய சத்தம் ஒன்றே ஒன்று இருந்தது. அது மதினி போடும் குலவை.

எனக்கு அவள் சொந்த மதினி இல்லை. தெருவே அவளை மதினி என்றுதான் கூப்பிடும். சாத்தூருக்குக் கிழக்கே வைப்பாற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. ஆற்றைப் பார்த்த கடைசி வீடு அவளுடையது. புருஷன் ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். ஒரே மகள். அம்மாவும் மகளும் காலையில் ஒன்றாகக் கம்பெனி வேனில் ஏறிப் போவார்கள். சாயந்தரம் இறங்கும்போது இரண்டு பேருக்கும் முழங்கை வரை அலுமினியப் பொடி அப்பி வெள்ளியாக மின்னும். மதினி ஒல்லிப்பிச்சி. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். அந்த உடம்புக்குள் இருந்து அவ்வளவு பெரிய சத்தம் எப்படி வருகிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் குலவை போடாத பொம்பளை எங்கள் பக்கம் கிடையாது. ஆனால் மதினிக்குக் கோயிலும் கல்யாணமும் போதாது. எது புதிதாக வந்தாலும் போடுவாள். மினி பஸ் முதன்முதலாக எங்கள் தெரு முனைக்கு வந்தபோது போட்டாள். டிரைவர் பயந்துபோய் பிரேக்கை மிதித்துவிட்டார். சித்திரை வெயிலில் போன கரண்ட் சாயந்தரம் திரும்பி வந்தபோது போட்டாள். அப்போதுதான் பிள்ளையைத் தூங்கப்பண்ணிவிட்டுப் படுத்திருந்த ஒருத்தி எழுந்து வந்து, "ஒங்களுக்கு நல்ல புத்தியே கெடையாதா மதினி?" என்று கத்தினாள். "ஃபேனு வந்திருக்குல்லத்தா, வான்னு சொல்ல வேண்டாமா?" என்றாள் மதினி, ரொம்ப நியாயமாக.

இதற்கு அவள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான். "வர்றதை வாசல்ல வச்சு வாங்கணும்த்தா."

அதை நான் கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். என் புருஷன் வீட்டில் இனிமேல் இருக்க முடியாது என்று ஆனபோது, ஒரு டிரங்குப் பெட்டியும் கைப்பிள்ளையுமாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். நல்ல மத்தியானம். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். எங்கள் வீட்டு வாசலை நெருங்கும்போது பின்னால் குலவைச் சத்தம் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் பெட்டியைத் தூக்கி அவள் மேல் எறிந்திருப்பேன். வாழாவெட்டியாக வருகிறவளுக்குக் குலவை போட்டுக் கேலி பண்ணுகிறாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பினால் அவள் சிரிக்கவில்லை. நேராக வந்து பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"எங்க தெருப் பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கு. ஏன் தலையைக் குனியிற? நிமுந்து வா" என்றாள்.

அதற்குப் பிறகு தெருவில் ஒருத்தருக்கும் என்னிடம் துக்கம் விசாரிக்கத் தைரியம் வரவில்லை. மதினி குலவை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு வந்த பிள்ளையிடம் போய் என்னத்தைத் துக்கம் விசாரிப்பது? அடுத்த மாதமே நான் திருத்தங்கலில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

இப்படிப்பட்டவள் வாசலுக்கு எதிரே ஆறு வந்தால் சும்மா இருப்பாளா?

ஆறு என்று சொன்னேனே தவிர, எங்கள் பிள்ளைகளுக்கு வைப்பாறு என்றால் கிரிக்கெட் விளையாடுகிற இடம். மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆடு மேயும், பைக் ஓட்டிப் பழகுவார்கள். மணல் லாரி இறங்குவதற்காகக் கரையை வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். அந்தப் பாதை நேராக எங்கள் தெருவில்தான் வந்து ஏறும். அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை, எங்களுக்கும் ஆற்றில் இறங்க அது சௌகரியமாகத்தான் இருந்தது. நீச்சல் தெரிந்தவர் தெருவில் ஒருத்தரும் கிடையாது. குடத்துத் தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து நிற்கிற ஊரில் நீச்சல் எதற்கு?

தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் லீவு விட்டிருந்த சமயம். எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை. மேற்கே மலையில் கொட்டுகிறது என்று டிவியில் சொன்னார்கள். யாருக்கோ கொட்டுகிறது என்று துணி காயப்போட்டோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மதினியின் குலவை கேட்டது. வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. தட்டைப் போட்டுவிட்டு ஓடினோம்.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது. செக்கச்செவேல் என்று, முன்னால் நுரையும் சுள்ளியும் அறுந்த செருப்புமாகத் தள்ளிக்கொண்டு, நடந்து வருகிற வேகத்தில்தான் வந்தது. பையன்கள் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே செல்போனில் படம் எடுத்தார்கள். மதினி தாம்பாளத்தில் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து தூவி, தேங்காய் உடைத்து, கண்ணை மூடிக்கொண்டு குலவை போட்டாள். எல்லாப் பொம்பளைகளும் சேர்ந்து போட்டோம். எனக்குக் குலவை சரியாக வராது, காற்றுதான் வரும். நானும் போட்டேன். அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் நின்ற பால்கார அக்கா அழுதேவிட்டாள். "எம்புட்டுத் தண்ணி! இனி எம்மாட்டுக்குப் புல்லுக்குப் பஞ்சமில்ல" என்றாள்.

சாயந்தரம் அந்தத் தண்ணீர் மணல் லாரிப் பாதை வழியாகத் தெருவுக்குள் ஏறியது.

அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாசலில் கோலம் நனைந்ததைப் பார்த்தேன். குனிந்து பிள்ளையின் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு நிமிர்கிறேன், தண்ணீர் கணுக்காலில் நிற்கிறது. பள்ளிக்கூட மாடிக்கு ஓடியபோது இடுப்பளவு. மாடியில் நின்று பார்த்தால் என் வீட்டு ஃபிரிட்ஜ் தெருவில் மிதந்து போகிறது. யாரும் அழவில்லை. வாயைத் திறந்தபடி நின்றோம். வெயில் வேறு சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு முட்டளவு சேறு. அள்ளி அள்ளிக் கொட்டினோம். மதினி தன் வீட்டுச் சேற்றை விட்டுவிட்டு என் வீட்டுக்கு மண்வெட்டியோடு வந்தாள். "மொதத் தடவை வர்றா. வழி தெரியாம வீட்டுக்குள்ள வந்துட்டா" என்றாள், ஆற்றை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம்.

சுவர் காயவில்லை. கார்த்திகையில் ஆறு மறுபடி வந்தது.

இந்தத் தடவை விடிந்தும் விடியாமலும். மதினியின் குலவை கேட்டதும் ஒருத்தர்கூட வேடிக்கை பார்க்க ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கு, பையை எடு, மாடிக்கு ஓடு. அன்றைக்கு எங்கள் தெருவில் ஓர் உயிர் போகவில்லை என்றால் அந்தக் குலவைதான் காரணம். ஓர் உயிர் என்று மனுஷ உயிரைச் சொல்கிறேன். பால்கார அக்கா ஊருக்குள் பால் ஊற்றப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் தெருவுக்குள் கால் வைக்க முடியவில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து அவளைப் பிடித்து வைத்திருந்தோம். கொட்டத்தில் அவளுடைய சினைமாடு கட்டிக்கிடந்தது.

மறுநாள் போய்ப் பார்த்தோம். மாடு கயிற்றோடு தூணில் தொங்கியது. வயிறு ஊதியிருந்தது. தண்ணீரில் நனைந்து இறுகிய முடிச்சை அவிழ்க்க முடியாமல் அரிவாளால் அறுத்தார்கள். பால்கார அக்கா தரையில் உட்கார்ந்து மாட்டின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பிரஸ்ஸில் காலண்டர் சீசன், ஓவர்டைம். ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியதும் அம்மா சொன்னாள். பால்கார அக்கா மதினி வீட்டு வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். "நீதான்டி குலவை போட்டுக் கூப்புட்ட. கூப்புட்டா தெருவுக்குள்ள வராம எங்கன போவா?" என்று. கேட்ட மற்றவர்களுக்கும் அது சரியென்று பட்டிருக்கிறது. எல்லாருமாக மதினியை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடத்தைக் கொளுத்தி, இனிமேல் குலவை போட மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். சும்மா சத்தியம் இல்லை, மகள் தலையில் கை வைத்து.

எனக்கு ரத்தம் கொதித்தது. சாப்பிடாமல் நேரே பால்கார அக்கா வீட்டுக்குப் போனேன். "அந்தச் சத்தம் கேட்டுத்தானக்கா அம்புட்டுப் பேரும் பொழைச்சோம்?" என்றேன்.

"நம்ம கேட்டோம். ஆறும் கேட்டுச்சு" என்றாள்.

அடுத்து மதினியைத் திட்டப் போனேன். ஏன் சத்தியம் பண்ணினீக, வாய் இல்லையா ஒங்களுக்கு என்று கேட்டேன். ஈரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவ மாடு செத்துப்போச்சுத்தா. வந்து நிக்கா. நான் எதையாச்சும் குடுக்கணும்ல? எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

இதுதான் மதினி. சண்டைக்கு வந்தவளையும் வாசலில் வைத்துத்தான் வாங்கியிருக்கிறாள்.

அந்த வருஷம் பொங்கல் பொங்கியபோது எங்கள் தெருவில் குலவை இல்லை. மதினி போடாதபோது மற்றவர்களுக்கும் நாக்கு எழவில்லை. பங்குனியில் கோயில் கொடை நடந்தது. மேளக்காரர் ஒரு கணம் மேளத்தை நிறுத்திப் பொம்பளைகள் பக்கம் பார்த்தார். ஒருத்தியும் குலவை போடவில்லை. அவர் மறுபடி அடிக்க ஆரம்பித்துவிட்டார். மதினி எல்லாவற்றுக்கும் வந்தாள், வேலை செய்தாள், சிரித்தாள். ஏதாவது புதிதாக வந்தால் மட்டும் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள். புது மினி பஸ் வந்தபோதுகூட ஹாரன் சத்தம்தான் மிச்சம்.

அடுத்த மழைக்காலம் வந்தது. மணல் லாரிப் பாதையை மூட மனு கொடுத்தோம். அரைகுறையாக மண்ணைக் கொட்டிவிட்டுப் போனார்கள். தண்ணி வருது, தண்ணி வருது என்று தினமும் யாராவது ஒருத்தர் போனில் மெசேஜ் அனுப்புவார்கள். நாங்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மாடியில் போய் நின்று பார்த்தால் வெறும் மணல் பளபளக்கும். இப்படிப் பலதடவை ஏமாந்து கடைசியில் ஓடுவதை விட்டுவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை. மதினி ஆற்றுப் பக்கமிருந்து ஓடி வந்தாள்.

"தண்ணி வருது! ஏத்தா, எந்திரிங்க! போன தடவை மாதிரி இல்ல, ஆள் உசரத்துக்கு வருது!"

ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். பால்கார அக்கா புதிதாக வாங்கியிருந்த கன்றுக்குட்டிக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். "நேத்தும் இதைத்தான் சொன்னாக, முந்தாநாளும் இதைத்தான் சொன்னாக" என்று திரும்பாமலே சொன்னாள். நானும் அடுப்பை அணைத்துவிட்டு வரலாம் என்று உள்ளே ஓர் அடி வைத்தேன்.

மதினி நடுத்தெருவில் நின்றாள். அவள் மகள் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். மதினி அவளை இழுத்துத் தன் முன்னால் நிறுத்தினாள். ஈரத்தலையில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். எதிலிருந்தோ மகளை மறைப்பவள் போல இருந்தது. அப்படியே அண்ணாந்து குலவை போட்டாள்.

அதைக் குலவை என்று எப்படிச் சொல்வேன்? நாக்கு சுழன்றது, ஆனால் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மகள், "அம்மா, வேண்டாம்மா, அம்மா" என்று கத்துகிறாள். மதினி நிறுத்தவில்லை.

தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. யாரும் எதையும் கேட்கவில்லை. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடினோம். பால்கார அக்கா கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். பள்ளிக்கூடப் படியில் கடைசி ஆளாக மதினியும் மகளும் ஏறியபோது கீழ்ப்படிகள் தண்ணீருக்குள் போய்விட்டன. மாடியிலிருந்து பார்த்தபோது மதினி வீடுதான் முதலில் விழுந்தது. நின்ற வீடு அப்படியே உட்கார்ந்தது. பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. என் வீட்டில் வெறும் சுவர்கள் மட்டும் நின்றன. மூன்று தடவை பார்த்துவிட்டோம், இருந்தாலும் முதல் தடவை மாதிரியேதான் வாயைத் திறந்து நின்றோம்.

மதினி ஆற்றைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அந்தக் குடும்பம் திருத்தங்கலில் வாடகைக்கு வந்துவிட்டது. மதினி மகளைக் கம்பெனி வேலையிலிருந்து உடனே நிறுத்திவிட்டாள். நான்தான் எங்கள் பிரஸ்ஸில் பைண்டிங் பிரிவில் சேர்த்துவிட்டேன். அப்படியும் நிம்மதி இல்லை. எங்கேயாவது டப்பென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், என் போனுக்கு மதினி கூப்பிடுவாள். "அவ இருக்காளாத்தா?" என்பாள். "என் பக்கத்துலதான் இருக்கா மதினி" என்பேன். வைத்துவிடுவாள்.

ஒருநாள் அவளிடம் நேராகவே கேட்டேன். ஒரு ஊரையே காப்பாற்றிவிட்டு எதற்கு இப்படிச் சாகிறீக என்று.

"அவ தலைல அடிச்சுப் பண்ணின சத்தியத்தை அவ தலைல கைய வச்சே மிதிச்சுட்டேன்த்தா. அது சும்மா விடுமா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சிட்டா போதும். கழுத்துல தாலி ஏறிட்டா அவ வேற வீட்டுப் பிள்ளை. ஏஞ்சத்தியம் அவளைத் தொடாது. அதுவரைக்கும்தான்" என்றாள்.

கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளுக்கு மாப்பிள்ளை தேடும் அவசரத்தை நாங்களெல்லாம் வேறு மாதிரி நினைத்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

போன தை மாதம் கல்யாணம். திருத்தங்கலில் மண்டபம். மாப்பிள்ளை சாத்தூர்க்காரர், பேப்பர் கடையில் வேலை. எங்கள் தெரு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இப்போது ஆளுக்கு ஓர் ஊரில் இருக்கிறோம், அன்றைக்கு ஒன்றாக உட்கார்ந்தோம். பால்கார அக்கா காப்பிக்கு ஒரு கேன் பால் தானாகவே கொண்டுவந்து சமையல்காரரிடம் கொடுத்தாள். மதினியிடம் அவள் மன்னிப்புக் கேட்டதாக நான் அறியவில்லை. மதினியும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. "சாப்பிட்டீகளா?" என்று அவளையும் வாசலில் நின்றுதான் கேட்டாள்.

மேடையில் மதினி மகளுக்குப் பின்னால் நின்றாள். உதடு காய்ந்திருந்தது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மேளம் வேகமெடுத்தது. மாப்பிள்ளை குனிந்து தாலியைக் கழுத்துக்குக் கொண்டு போனார்.

அந்த நேரத்தில் பால்கார அக்கா எழுந்து நின்று குலவை போட்டாள்.

மனசார, நன்றாகப் போட வேண்டும் என்று நினைத்துத்தான் போட்டாள். பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள் என்று இப்போது புரிகிறது. வயதான குரல், கீச்சென்று கிளம்பி மேளத்துக்கு மேலே ஏறியது.

எங்கள் தெரு மொத்தமும் எழுந்தது. யாரும் யோசிக்கவில்லை. நாற்காலிகள் உருண்டன. எதிர்வீட்டுக்காரர் தன் பேரனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி எங்கே என்று கத்தினார். நான் என் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டேன். பிறகுதான் காலடியில் தரை காய்ந்து கிடப்பது தெரிந்தது. மேளம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால்கார அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மேடையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி அப்படியே உறைந்திருந்தார். மதினி குனிந்து மகளின் கூறைப்பட்டை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துத் தரையிலிருந்து உயரத் தூக்கினாள், நனையாமல் இருக்க. அவள் கண் வாசல் பக்கமே இருந்தது.

"சீக்கிரம் கட்டுங்க மாப்பிள்ளை" என்றாள். "தண்ணி வர்றதுக்குள்ள கட்டிருங்க."

மாப்பிள்ளை அவசரமாகக் கட்டினார். மூன்று முடிச்சும் விழுந்த பிறகும் மதினி சேலையைக் கீழே விடவில்லை.